அறுபத்தோராவது பெயர்

பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் கடைத்தெருப் பக்கம் போயிருக்கிறீர்களா? புத்தகப் பை, தண்ணீர் பாட்டில், அட்டை போடும் பழுப்புக் காகிதம், பெயர் எழுதி ஒட்டும் சீட்டு என்று ஒரே திருவிழாவாக இருக்கும். வீட்டிலோ கேட்கவே வேண்டாம். "என் சாக்ஸ் எங்கே?" என்று ஒரு குரல். "போன வருஷத்து டிபன் டப்பாவுக்கு மூடியைக் காணோம்" என்று இன்னொரு குரல். எட்டரை மணிக்குக் குழந்தை வாசற்படியைத் தாண்டியதும் வீட்டு அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இரண்டாவது காப்பியைக் கையில் எடுக்கிறாள். அவளைப் பொறுத்த மட்டில் அன்றைய யுத்தம் முடிந்தது.

யுத்தம் முடியவில்லை, அம்மணி! இடம்தான் மாறியிருக்கிறது. அதே நேரத்தில் பள்ளிக்கூடத்தில் ஒருவர் மேஜை டிராயரைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பைண்டு செய்த பெரிய புத்தகம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். அவர்தான் தலைமையாசிரியர். உங்கள் குழந்தையின் வாழ்க்கையில் பாதி அந்தப் புத்தகத்தில் எழுதப்படப் போகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? பாதி என்பது அதிகமாகத் தோன்றினால் கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

அந்தப் புத்தகத்துக்குச் சேர்க்கைப் பதிவேடு என்று பெயர். ஒரு குழந்தைக்கு ஒரு வரி. பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, தாய்மொழி, சேர்ந்த வகுப்பு, சேர்ந்த நாள், அங்க அடையாளங்கள் இரண்டு. "வலது முழங்கையில் ஒரு மச்சம்" என்று அந்தக் காலத்தில் எழுதி வைத்த மச்சத்தை, தலை நரைத்த பிறகும் சிலர் பாஸ்போர்ட் ஆபீஸில் சட்டைக் கையை மடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறந்த தேதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் அவருடைய சர்டிபிகேட்டுப் பிறந்த நாளைக் கேட்டுப் பாருங்கள். மே மாதம் அல்லது ஜூன் மாதம் என்று பதில் வருவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. நம் பாட்டிமார்கள் எல்லோரும் கோடையில்தான் பிள்ளை பெறுவது என்று விரதம் பூண்டிருந்தார்களா என்ன? பிறப்புச் சான்று என்ற சமாசாரம் கிராமத்தில் இல்லாத காலம் அது. பையன் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது! "தை மாசம் அமாவாசைக்கு மறுநாள் பொறந்தான் சாமி" என்று தாயார் சொல்வதை வாத்தியார் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு, பள்ளி திறக்கும் நாளில் ஐந்து நிறைவதற்கு எந்தத் தேதி சௌகரியமோ அந்தத் தேதியை எழுதி விடுவார். அந்த ஒரு வரி பள்ளி இறுதிச் சான்றிதழுக்குப் போய், அங்கிருந்து உத்தியோகத்துக்குப் போய், ஓய்வு பெறும் நாள் வரைக்கும் கூடவே வந்தது. ஆண்டுதோறும் மே 31-ந் தேதி அரசாங்க ஊழியர்கள் கும்பல் கும்பலாக மாலை போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்களே, அதற்கு உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

இப்போது காதைத் தொடச் சொல்வதில்லை. ஜூலை 31-ல் ஐந்து வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. பிறப்புச் சான்று கேட்கிறார்கள். ஆனால் சான்று இல்லை என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று ஒன்றே பிறந்த தேதிக்கு அத்தாட்சி என்று தனியாகச் சட்டம் வந்திருக்கிறது. அந்தக் குழந்தைகள் ஒன்றாம் வகுப்புக்கு வந்து சேர 2029 ஜூன் ஆகும். அதுவரைக்கும் தலைமையாசிரியர்களுக்குப் பழைய தலைவலிதான்.

"பெயரும் தேதியும் எழுத வேண்டியதுதானே, இது என்ன பிரமாதம்?" என்று கேட்பீர்கள். பிரமாதம்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-ல் வந்த சட்டம். 2020-ல் அதைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அன்று முதல், என்றோ படித்து முடித்த பிள்ளைகள் எல்லாம், "ஒன்றாம் வகுப்பு தமிழில்தான் படித்தேன் என்று ஒரு சான்று கொடுங்கள், சார்" என்று பழைய கிராமத்துப் பள்ளிக்குத் தேடிக்கொண்டு வருகிறார்கள். தலைமையாசிரியர் பரணில் ஏறிப் பழைய பதிவேட்டை எடுக்கிறார். கரையான் அரித்திருந்தால் ஓர் உத்தியோகமே அரித்துப் போனதாக அர்த்தம்! ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம், கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று வந்திருக்கும் சலுகைகள் அனைத்துக்கும் அடிப்படை, எந்தப் பள்ளியில் எந்த வருஷம் இருந்தாள் என்ற பதிவுதான். ஜூன் மாதத்துக் காலையில், பின்னால் ஐம்பது குழந்தைகள் கூச்சல் போட, ஒரு டீச்சர் அவசரமாக எழுதும் வரி அது.

பட்டணத்துப் பெரிய பள்ளிகளில் இதற்கு ஆபீஸ் உண்டு; குமாஸ்தா உண்டு. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் குமாஸ்தா என்ற பதவியே கிடையாது. தலைமையாசிரியரே குமாஸ்தா, அவரே கணக்கர், அவரே மூன்றாம் வகுப்பு வாத்தியார். மணி அடிக்கக்கூட மூத்த பிள்ளை ஒருவனைத்தான் அனுப்ப வேண்டும்.

இந்த மும்மூர்த்தி உத்தியோகத்தைக் கண்ணால் பார்ப்பதற்காக, காவேரிப் பாசனப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். 2025-ல் ஜூன் 2-ந் தேதி பள்ளிகள் திறந்தன. நான் போனது அதற்கு அடுத்த வாரம். ஊர்ப் பெயரும் அங்கிருந்தவர்கள் பெயரும் வேண்டாமென்று தலைமையாசிரியை அம்மாள் கேட்டுக்கொண்டார். அப்படியே ஆகட்டும்.

எட்டே முக்காலிலிருந்து பத்தே கால் வரை

நான் உள்ளே நுழைந்தபோது அம்மாள் தரையில் உட்கார்ந்து ஒரு பையனின் பாதத்தை ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தார்.

"உட்காருங்க சார். காலணி அளவு ஏத்தணும். இன்னைக்குள்ள கேட்டிருக்காங்க" என்றார். "போன வருஷம் அளவைக் கொஞ்சம் தாராளமாப் போட்டேன், வளருவானேன்னு. வந்தது அப்பாவுக்குத்தான் சரியா இருந்துச்சு."

காலை உணவு முடிந்து தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது. மதிய உணவை நாம் அறிவோம். காமராஜர் காலத்தில் 1956-ல் வந்தது, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-ல் சத்துணவாகப் பெருகியது. காலைச் சிற்றுண்டி 2022 செப்டம்பரில் ஆரம்பித்து, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பசித்த வயிற்றோடு பாடம் கேட்ட குழந்தைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சாப்பாடு என்று வந்துவிட்டால் கணக்கும் வந்துவிடும் அல்லவா? காலையில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், மதியம் எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள், எத்தனை முட்டை.

பத்தே கால் மணி வரைக்கும் நான் பார்த்தவற்றை அப்படியே சொல்கிறேன். முதல் பருவப் பாடப் புத்தகங்கள் வந்து மூலையில் கட்டாகக் கிடந்தன. நான்காம் வகுப்புக்கு இரண்டு குறைந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவியாயிற்றா என்று ஒரு போன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தேதி குறித்தாயிற்றா என்று இன்னொரு போன். (அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஜூன் என்றால் நாற்று விடுகிற சமயம். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி என்பது சட்டத்தில் இல்லை.) நடுவே கைப்பேசியில் வருகைப் பதிவு. எமிஸ் என்று ஒன்று இருக்கிறது, அறிவீர்களோ? ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் எண் கொடுத்து, அவன் பெயர், உயரம், எடை, ரத்த வகை, ஆதார், வங்கிக் கணக்கு, வாங்கிய பை, செருப்பு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும் கணினிக் கிடங்கு. பழைய பதிவேடுகளில் பல அதற்குள்ளே போய்விட்டன. போனது நல்லதுதான். ஆனால் கிடங்குக்கு நிரப்புகிற கை வேண்டுமே! அந்த ஊரில் சிக்னல் வேப்ப மரத்தடியில் மட்டும் கிடைக்கிறது. அம்மாள் மரத்தடிக்குப் போனார். சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

இதற்கிடையில் அவர் பாடம் நடத்தவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். மரத்தடிக்குப் போகும்போது மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு கொடுத்துவிட்டுப் போனார். வரும்போது எட்டாம் வாய்ப்பாடு.

ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம் என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஆசிரியருக்கு வாரம் 45 மணி, வீட்டில் பாடம் தயாரிக்கும் நேரமும் சேர்த்து. மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இம்மூன்று தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. செருப்பு அளப்பது கல்விப் பணியா, கல்வி சாராப் பணியா? சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்தச் சந்தேகம் தோன்றியிராது.

ஒரு பள்ளியும் மூன்று ஆசிரியர்களும்

அன்றைக்குப் பள்ளியில் இருந்தவர்கள் இரண்டே ஆசிரியைகள். மூன்றாமவர், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் இளம் டீச்சர், வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார்.

ஆசிரியர் பயிற்சி என்றால் முன்பெல்லாம் டிரெயினிங் ஸ்கூலில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வருவதோடு சரி. அதற்குப் பிறகு ஆயுசு முழுவதும் அந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டே காலம் தள்ள வேண்டியது. டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிற நாள்தான் பரீட்சை. அன்றைக்குத் துவைத்த சட்டையும் எழுதிய பாடக்குறிப்பும் போதும். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. ஒன்றியத்துக்கு ஒரு வள மையமும், ஆசிரியர்களுக்கே பாடம் சொல்லும் ஆசிரியர் பயிற்றுநர்களும் பின்னால் வந்தார்கள். கொரோனாவினால் பள்ளிகள் மூடிக் கிடந்து, குழந்தைகள் எழுத்தை மறந்து வந்ததற்கு மருந்தாக 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் ஆரம்பமாயிற்று. 2025-க்குள் எட்டு வயதுக் குழந்தைகள் எல்லோரும் பிழையில்லாமல் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அப்போது வைத்த குறி.

அதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் எல்லாக் குழந்தையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். எழுத்தே தெரியாதவன் அரும்பு. சொல் படிப்பவன் மொட்டு. வாக்கியம் படிப்பவன் மலர். "மக்கு" என்ற வார்த்தைக்கு அங்கே இடமில்லை. பயிற்சிக்குப் போன ஆசிரியர்கள் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், காகிதத்தில் பொம்மை செய்கிறார்கள். ஐம்பது வயது உபாத்தியாயர் யானை முகமூடி போட்டுக்கொண்டு தும்பிக்கையை ஆட்டுவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கையில் பிரம்பு இருந்ததற்கு முகமூடி தேவலை என்பது என் அபிப்பிராயம்.

"அந்தப் பொண்ணு போயிட்டு வந்து ரெண்டாம் வகுப்புல கதை சொல்ல ஆரம்பிச்சா. நாலாம் வகுப்பு எழுந்து போய் ஜன்னல்ல நிக்குது சார்" என்றார் தலைமையாசிரியை. "பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அவ போற அன்னைக்கு இங்க அஞ்சு வகுப்பு, ரெண்டு பேர். அதுல ஒருத்தி நான். நான் மரத்தடியில நிக்கறேன்."

"உங்களுக்கு இந்தப் பதிவேட்டு வேலைக்கெல்லாம் பயிற்சி கொடுத்தார்களா, டீச்சர்?" என்று கேட்டேன்.

அம்மாள் சிரித்தார். இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பு நடத்தியவர். பதவி உயர்வு பெற்று இந்தப் பள்ளிக்கு வந்த அன்று, முன்பிருந்த தலைமையாசிரியர் ஒரு சாவிக் கொத்தையும் அலமாரி நிறையப் பதிவேடுகளையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மாற்றுச் சான்றிதழில் எந்தக் கட்டத்தைத் திருத்தலாம், எதைத் திருத்தக் கூடாது, திருத்தினால் யார் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பதையெல்லாம், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்து கற்றுக்கொண்டாராம். "அவர்தான் சார் என் டிரெயினிங் சென்டர். சீரியல் முடியற வரைக்கும் எடுக்க மாட்டார். முடிஞ்சதும் எடுப்பார்."

தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூட்டங்கள் நடக்கின்றன; செயலியை எப்படி இயக்குவது என்றும் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு பெயரைத் தவறாக எழுதினால் என்ன ஆகும் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதாகத் தெரியவில்லை. பள்ளியில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடிவிட்டால் போதும்; உதவித்தொகை வங்கி வாசலில் நின்றுவிடும். தலைப்பெழுத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-ல் உத்தரவு வந்தது. சாதி, மதம் குறிப்பிட விரும்பாத பெற்றோர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று 1973-லேயே அரசாணை இருக்கிறது. புதிதாக வந்த எத்தனை தலைமையாசிரியர்களுக்கு அது தெரியும்? பொம்மை செய்ய ஒதுக்குகிற நாட்களில் அரை நாளைப் பதிவேட்டுக்கு ஒதுக்கினால் பொம்மை கோபித்துக்கொள்ளாது.

பாட்டி வந்தாள்

பதினோரு மணி சுமாருக்கு ஒரு கிழவி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதுப் பையன் ஒருவன். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார்களாம். பையனைப் பாட்டியிடம் அனுப்பிவிட்டார்கள்.

"டீச்சரம்மா, இவனைச் சேத்துக்கிடுங்க. காயிதம் ஒண்ணும் குடுத்து விடலை. அந்தப் பள்ளிக்கூடத்துல டி.சி. வாங்கணுமாம், அதுக்கு இவன் அப்பன் லீவு போடணுமாம். லீவு போட்டா அன்னைக்குக் கூலி போச்சு."

"காகிதம் அப்புறம் வரட்டும் பாட்டி. தம்பி, உன் பேரு என்ன? என்ன வகுப்பு படிச்சே?"

பையன் சொன்னான். அம்மாள் ஒரு தாளில் குறித்துக்கொண்டு அவனை மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அவன் உட்கார்ந்ததும் எட்டாம் வாய்ப்பாட்டில் கலந்துகொண்டான்.

இது தயவு தாட்சண்யம் இல்லை, சட்டம். மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகக் குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. கேட்டவுடன் கொடுக்காத தலைமையாசிரியர்மீது நடவடிக்கை எடுக்கவும் அதில் இடம் இருக்கிறது. கட்டண பாக்கி வசூல் செய்வதற்கு மாற்றுச் சான்றிதழை ஓர் ஆயுதமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் சொல்லிவிட்டது. வாசகர்களில் யாருக்காவது இந்த ஜூன் மாதத்துச் சங்கடம் இருந்தால் இதை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

பாட்டி போனதும் அம்மாள் சுவரிலிருந்த கரும்பலகைக்குப் போனார். ஓரத்தில் "பதிவு 59" என்று இருந்ததை அழித்து "60" என்று எழுதினார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. ஒரு பையன் சேர்ந்ததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று யோசித்தேன். அப்போதுதான் அவர் அந்தக் கணக்கைச் சொன்னார்.

தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61-லிருந்து 90 வரை மூன்று. சட்டத்தின் அட்டவணை அது. ஆகஸ்ட் முதல் தேதி எத்தனை குழந்தைகள் பதிவில் இருக்கிறார்களோ அதை வைத்து ஆசிரியர் எண்ணிக்கையை நிர்ணயம் செய்கிறார்கள். போன வருஷம் 62 பேர் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து 14 பேர் போனார்கள். ஒன்றாம் வகுப்புக்கு 11 பேர் வந்தார்கள். ஆக 59. இந்த எண்ணிக்கையோடு ஆகஸ்ட் பிறந்தால் மூன்றாவது ஆசிரியர் உபரி. பணி நிரவல் என்று சொல்லி, ஆள் குறைவாக உள்ள வேறு பள்ளிக்கு அனுப்பி விடுவார்கள். மூவரில் இளையவர் போவார். கதை சொல்லும் டீச்சர்!

அரசாங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பத்துக் குழந்தைக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் ஊரும், ஐம்பது குழந்தைக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எங்காவது கோடு கிழித்துத்தானே ஆக வேண்டும்? ஆனால் கோடு கிழிக்கிறவர்கள் ஒரு சௌகரியத்தை மறந்துவிடுகிறார்கள். 90 குழந்தைகளுக்கு மூன்று பேர் என்றால் தலைக்கு 30. 60 குழந்தைகளுக்கு இரண்டு பேர் என்றாலும் தலைக்கு 30. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வகுப்புகள் இரண்டு இடத்திலும் ஐந்து! அந்த இரண்டு பேரில் ஒருவர் மரத்தடியில் நிற்பவர்.

"அதனால்தான் சார் ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் எனக்குத் தூக்கத்துல நம்பரா வரும்" என்றார் அம்மாள். "மார்ச்லேயே வீடு வீடாப் போயாச்சு. பேனர் கட்டியாச்சு. ஊர்ல மொத்தம் அஞ்சு வயசு முடிஞ்சது பதினெட்டு. பதினொண்ணு இங்க. மிச்சம் வான்ல போகுது."

ஒரு போன்

மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு அவர் கைப்பேசி கூப்பிட்டது. பேசியவர் சென்னையில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். இந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடித்து நான்காம் வகுப்புக்கு வர வேண்டிய ஒரு பெண், திறந்த நாளிலிருந்து வரவில்லை. பெற்றோர் கட்டட வேலைக்காகச் சென்னைக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் எமிஸில் அவள் இன்னும் இந்த ஊர்க் குழந்தை. இங்கிருந்து விடுவித்தால்தான் அங்கே அவள் பெயரில் புத்தகமும் சீருடையும் கேட்க முடியும்.

விடுவித்தால் 60 மறுபடி 59 ஆகும்.

பக்கத்திலிருந்த மற்றொரு ஆசிரியைக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஆகஸ்ட் வரைக்கும் கொஞ்சம் வச்சிருக்கலாமே டீச்சர். எங்க போயிடப் போகுது?" என்று தணிந்த குரலில் சொன்னார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வீட்டு அரிசியைக் காப்பாற்றுகிற மாதிரிதான்.

அம்மாள் பதில் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். அந்தப் பெண்ணின் வரியைக் கண்டுபிடித்து விரலை வைத்துக்கொண்டே, "நல்லாப் படிக்கும் சார். கணக்குன்னா உசிரு. மலர்" என்றார். பிறகு எழுந்து வேப்ப மரத்தடிக்குப் போனார். சக்கரம் அன்றைக்கென்று சீக்கிரமாகவே நின்றுவிட்டது.

திரும்பி வந்து கரும்பலகையில் 60-ஐ அழித்து 59 என்று எழுதினார். "வருகை" என்ற இடத்தில் 56 இருந்தது. அது அப்படியே இருந்தது. பிறகு, மாற்றுச் சான்றிதழை எந்த முகவரிக்குத் தபாலில் அனுப்புவது என்று சென்னைக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். "அந்தக் குழந்தைக்கு முட்டை மஞ்சக்கரு ஒத்துக்காது, வெள்ளை மட்டும் குடுக்கச் சொல்லுங்க சார்" என்றும் போனில் சொன்னார். எந்தக் கட்டத்திலும் இல்லாத தகவல் அது.

ஜூலை 31-க்குள் இன்னும் இரண்டு குழந்தைகள் வேண்டும். அதற்கு வழி என்ன?

"வாங்க, காட்டறேன்" என்றார்.

நாலு மணி பத்து நிமிஷத்துக்குப் பள்ளி விட்டதும் குடையை எடுத்துக்கொண்டார். மற்றொரு ஆசிரியை ஒரு பாடப் புத்தகத்தையும், குழந்தைகள் செய்த காகிதக் கிளி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டார். இளம் டீச்சரும் பயிற்சி முடிந்து நேரே பஸ் நிறுத்தத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். அவளுடைய வேலைக்காகத்தான் இந்தப் படையெடுப்பு என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஒன்றும் பேசாமல் கடைசியாக நடந்தாள். வாய்க்கால் கரையோடு போய், மாரியம்மன் கோயில் திருப்பத்தில் ஒரு மாடி வீட்டுக்கு எதிரே நின்றோம். அந்த வீட்டில் இரட்டைக் குழந்தைகள். ஐந்து வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. தகப்பனார் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.

வாசலில் மஞ்சள் நிற வான் ஒன்று நின்றுகொண்டிருந்தது. டிரைவர் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் ஏதோ நோட்டீஸைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வான்காரர் கிளம்பட்டும் சார்" என்று சொல்லி, தலைமையாசிரியை அம்மாள் எதிர்வீட்டுப் புங்க மர நிழலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். "அப்புறம் உள்ளே போவோம்."

இளம் டீச்சர் பையிலிருந்து காகிதக் கிளியை எடுத்து, மடங்கியிருந்த அதன் மூக்கை நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள்.